கசிவு அறிக்கை

சாயங்காலம் ஏழரைக்கு எனக்கு அலுவலகம் திறக்கும்.
"உன் கம்பெனிக்காரனுக்கு நேரம் பார்க்கத் தெரியல,
ஏழரையிலயா தொடங்குவான்?" என்பான் ஆல்துரை,
ஜெர்கின் ஜிப்பை இழுத்துவிட்டபடி.
அவனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிப்ட்.
டானிங்டன் இறக்கத்தில் டார்ச் வெளிச்சம் கொஞ்ச தூரம் போகும்.
அப்புறம் மேகம் வந்து கேட்டைச் சாத்திக்கொள்ளும்.

ஹீட்டரைக் காலடியில் தள்ளிவைத்துத் திறக்கிறேன்:
மறுக்கப்பட்டவை.
நான் பார்த்தறியாத ஊரில் ஏழு மருத்துவமனைகள்,
நேற்று ஒரு நாளின் ரசீதுகள்.
பதினாறு என்றால், விவரம் போதாது.
இருபத்தொன்பது, கெடு தாண்டிவிட்டது.
ஐம்பது, இந்தச் சிகிச்சை தேவையென்று கருதவில்லை.
ஐம்பதில் எப்போதும் கொஞ்சம் நிற்பேன்.
தேவையில்லை என்று எழுதியவர்
அந்த முழங்காலைப் பார்த்ததில்லை.
நானும்தான்.

"பேங்க் வேலையா? ஆஸ்பத்திரி வேலையா?"
பக்கத்து வீட்டு பெள்ளியம்மா கேட்டபோது
இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாய் ஓடுகிறது,
அது எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பேன் என்றேன்.
அடுத்த ஞாயிறு
தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

செவ்வாய் ராத்திரி.
மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து கரண்ட் போனது.
யூபிஎஸ் நாற்பது நிமிடம் தாங்கும்.
அந்த நாற்பதுக்குள்தான் கண்ணில் பட்டது:
பதினொரு டாலர் நாற்பது சென்ட்.
அதே நோயாளி எண், அதே தொகை, மாதாமாதம்.
ஆறு கடிதங்கள் போயிருக்கின்றன அந்த வீட்டுக்கு.
ஏழாவதை வசூல்காரர்கள் எழுதுவார்கள்.

பத்துக்குக் கீழே என்றால் விட்டுவிடு,
மேலே என்றால் துரத்து.
இந்த விதியை எவர் எழுதியது என்று தேடினேன்.
என் பெயர். போன வருஷம், ஆகஸ்ட்.
பாராட்டி ஒரு கேக் படம்கூட வந்திருந்தது.

வடிகட்டினால், பத்துக்கும் பதினைந்துக்கும் இடையே
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.

பாவம் என்று போட அந்த அட்டவணையில் கட்டம் கிடையாது.
போட்டால் ஜெசிந்தா மேடம் திருப்பி அனுப்புவார்.
கெட்டவரில்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.
அதனால் அவர்கள் பாஷையிலேயே எழுதினேன்:
அச்சு, தபால், தொலைபேசி, ஆள்கூலி,
ஒரு கணக்கைத் துரத்தப் பதினாறு எண்பது ஆகிறது.
கையில் வருவது, வந்தால், பதினொன்று நாற்பது.
விடுவதே லாபம்.
வரம்பைப் பதினைந்தாக்கப் பரிந்துரைக்கிறேன்.

பேட்டரி ஒன்பது நிமிடம் என்றபோது அனுப்பினேன்.
பிறகு இருட்டு.
ஹாலில் பக்கெட்டுக்குள் சொட்டு, சொட்டு.
கசிவு பார்ப்பவள் வீட்டுக் கூரை.
வெளியே கேரட் பாத்தியில் யாரோ கனமாக மூச்சுவிட்டார்கள்.
காட்டெருமை.
எழுந்து விரட்டலாமா என்று ஒரு கணம்.
செருப்பு, மெழுகுவத்தி, உயிர்:
துரத்தும் செலவு கேரட்டைவிட அதிகம்.
மேயட்டும்.

வியாழன் பதில் வந்தது. "அருமையான சேமிப்பு."
கட்டைவிரல்கள் பதினொன்று.
எங்கோ ஒரு வீட்டுப் பெட்டியில்
ஏழாவது கடிதம் வரவில்லை.
வராததை யார் எடுத்துப் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

ஆறு மணிக்கு ஆல்துரை வந்தான்,
சட்டையெல்லாம் வாடிய இலை வாசம்.
"ராத்திரி என்ன பண்ணின?"
"கேரட்டைக் கோட்டை விட்டேன்," என்றேன்.
பாத்தியை எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் பேசாமல் பல் துலக்கப் போனான்.

அடுத்த மாத அறிக்கையைத் திறக்கிறேன்.
துரத்த வேண்டியவை, சிறியதிலிருந்து பெரியதாக.
முதல் வரி:
பதினைந்து டாலர், இரண்டு சென்ட்.